குறைச்சல் இல்லாதவர்

என் அக்காள் வீட்டுக்காரரைப் பற்றி எழுதப்போகிறேன். பெயர் போடப்போவதில்லை. அவர் பெயரை ஒருமுறை காகிதத்தில் ஏற்றிவிட்டு நான் பட்டது போதும். மாமா என்றே வைத்துக்கொள்வோம். அப்படித்தான் கூப்பிட்டேன்.

நாமக்கல்லுக்கு மேற்கே, பஸ் நிற்கும் புளியமரத்திலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி அவர் ஊர். இரண்டரை ஏக்கர் மேட்டுக்காடு, ஒரு கிணறு, ஒரு ஜோடி எருது, ஓட்டு வீடு. இவ்வளவுதான் சொத்து. இதை வைத்துக்கொண்டு அவர் நடந்த நடையைப் பார்த்தால் ஜமீன்தாரே ஒதுங்கி வழி விடுவார். காலையில் கம்பங்கூழைக் குடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு தெருவுக்கு வருவார். எதிரில் வருகிறவர் "சாப்பாடு ஆச்சுங்களா?" என்றால், "ஆச்சுங்க. நெய்யி கொஞ்சம் எச்சாப் போச்சு, மந்தமா இருக்குது" என்பார். எங்கள் வீட்டில் நெய் இருந்ததை நான் தீபாவளிக்குத் தீபாவளிதான் பார்த்திருக்கிறேன்.

கடையில் விலை பேசமாட்டார். சந்தையில் அக்காள் கத்தரிக்காய்க்குக் காலணா குறைத்துக் கேட்டால் நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வார், அந்தப் பெண்பிள்ளை யாரோ என்பதுபோல. யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "நமக்கென்னுங்க கொறச்சல்?" கேட்கிறவனுக்கு அது கேள்வியாகத் தோன்றாது. அவர் அதைச் சொல்லிவிட்டு மேல்துண்டை ஒரு உதறு உதறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் படிப்பு இருந்தது. அப்பாவும் அம்மாவும் ஒரு வருட இடைவெளியில் போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. அக்காளோடு அவர் வீட்டுக்கு வந்தேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பள்ளிக்கூடம் முடித்ததும் மாமா என்னைச் சேலத்தில் ஒரு கல்லூரியில் சேர்த்தார். எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நான் எத்தனை மார்க் என்பது அவருக்குத் தெரியாது. முதல் ஆள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

சேர்த்த அன்று நடந்ததைச் சொன்னால் ஆள் புரிந்துவிடும். விடுதிக் குமாஸ்தா, மெஸ்ஸுக்கு ஒரு மாத முன்பணம் போதும் என்றார். எங்களுக்கு முன்னால் நின்றவர் ராசிபுரத்து நூல் வியாபாரி. அவர் தன் மகனுக்கு ஒரு டேர்முக்கு உரியதைச் சேர்த்துக் கட்டினார். மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நம்முளுதும் அப்பிடியே எழுதிக்கோங்க" என்றார் குமாஸ்தாவிடம்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இடுப்பு பெல்டில் எவ்வளவு பணம் இருந்தது என்று எனக்குத் தெரியும். அதில் பாதி விதைக்கடலைக்கு என்று அக்காள் எடுத்து வைத்தது. எல்லாவற்றையும் எண்ணி வைத்தார். பஸ் ஸ்டாண்டில் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, மிச்சமிருந்த மூன்று ரூபாயை என் பையில் திணித்தார். "வெச்சுக்கோ மாப்ளே. தீந்தா எனக்குக் கடுதாசி போடு. ஒருத்தருகிட்டயும் கேக்காதே. கேக்கறது நம்ம பளக்கமில்ல" என்றார்.

அந்த வருடம் விதைக்கடலையைக் கடனுக்கு வாங்கித்தான் போட்டார்கள். எனக்கு அது அப்போது தெரியாது.

மாதம் ஒருமுறை விடுதிக்கு வருவார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை வேட்டி, தோளில் கரைத்துண்டு, கையில் ஒரு தகர டப்பா நிறையக் கடலை உருண்டை. அதை எனக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவர் இல்லை. அறை அறையாகப் போய், "எடுத்துக்கோ சாமி, நம்ம காட்டுக் கடலை" என்று எல்லாருக்கும் கொடுப்பார். பையன்கள் எனக்கு 'மிராசு' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு நான் கொடுத்த விலை கொஞ்சமல்ல. விடுதி விழாவா, மிராசிடம் இரண்டு ரூபாய் வாங்கு. குரூப் போட்டோவா, கால்பந்து டீமுக்குப் பனியனா, முதலில் மிராசிடம் போ. நானும் மாமா வளர்த்த பிள்ளையாயிற்றே, இல்லை என்று சொல்ல வாய் வராது. கொடுத்துவிட்டு, மாலையில் மற்றவர்கள் ஓட்டல் டிபனுக்குப் போகும்போது தலைவலி என்று படுத்துக்கொள்வேன். இரண்டு வேட்டியில் ஒன்றை உடுத்தி ஒன்றைத் துவைப்பேன். சோப்புக் கட்டியை நூலால் அறுத்து மூன்றாக்கி வைத்துக்கொள்வேன்.

என் அறையில் இருந்தவன் அந்தோணி. மேட்டூர்ப் பையன். அவன் அப்பா அணையில் மீன் பிடிக்கிறவர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவான். திங்கள் தவறாமல் யாரிடமாவது எதையாவது கேட்பான். பாடப்புத்தகம் கேட்பான், பழைய செருப்பு கேட்பான், வார்டனிடம் தவணை கேட்பான். முகத்தில் ஒரு வெட்கமும் இருக்காது. "கேட்டாத்தான் குடுப்பாங்க. இல்லாதத இல்லீன்னு சொல்றதுக்கு என்னடா?" என்பான். அவனைப் பார்த்து நான் கூசுவேன். உள்ளுக்குள் பொறாமையும் இருந்தது, அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் மெஸ்ஸில் மாதச் செலவைக் கடைசியில் கூட்டி, சாப்பிட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். தொடர்ந்து மூன்று நாள் ஊருக்குப் போனால் அந்த நாட்களுக்குக் கழிவு உண்டு. அதனால் என்னைப் போன்றவர்களுக்கு மாதக் கடைசியில் வீட்டு ஞாபகம் அதிகமாக வரும். நான் போய் இறங்கினால் மாமாவுக்கு முகம் மாறிவிடும். "ஏன் மாப்ளே, அங்க சோறு சேரலியா?" என்பார். கழிவு என்று சொல்லமுடியுமா? அக்காளைப் பார்க்க வந்தேன் என்பேன். உடனே, ஒறம்பரை, விருந்தாளி வந்தால் கவனிப்பது போல நெல்லுச்சோறு ஆக்கச் சொல்வார். மெஸ்ஸில் மிச்சம் பிடித்தது அங்கே செலவாகிவிடும்.

இரண்டாம் வருடம் மழை பொய்த்தது. கிணற்றில் தண்ணீர் பாறைக்குப் போய்விட்டது. மெஸ் பாக்கி மூன்று மாதம் ஏறியது. வார்டன் என்னைக் கூப்பிட்டு, அரைச் சம்பளச் சலுகைக்கு எழுதிப்போடு என்றார். வருமானச் சான்றிதழ் இருந்தால் கல்லூரிச் சம்பளத்தில் பாதி கட்டினால் போதும். மணியகாரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்தபடி ஆர்.ஐ. என்கிற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து வீட்டையும் காட்டையும் பார்த்து எழுதவேண்டும்.

மாமாவைச் சம்மதிக்க வைக்க அக்காளுக்கு ஒரு வாரம் பிடித்தது. "எதுக்கு, நாம இல்லாதவங்கன்னு கவருமெண்டுக்கு எழுதிக் குடுக்கோணுமா?" என்று முறுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில், "செரி, வரட்டும் அந்த ஆபீசரு" என்றார். நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்டோம். அங்கேதான் தப்பு செய்தோம்.

ஒரு ஆபீசர் நம் வீட்டுக்கு வருகிறார் என்ற ஒன்றுதான் அவர் மண்டைக்குள் போயிருக்கிறது. எதற்கு வருகிறார் என்பது போகவில்லை. அன்று காலை நான் எழுந்து பார்க்கும்போது எங்கள் கட்டுத்தறியில் நாலு எருதும் கன்றோடு ஒரு பசுவும் நின்றன. இரண்டு எருதுதான் எங்களுடையது. பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு நாற்காலி வந்திருந்தது. சுவரோரம் ஐந்து சாக்கு மூட்டைகளை நிமிர்த்தி வைத்திருந்தார். நான் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், காற்றாக இருந்தது. உள்ளே முழுக்கக் கடலைத்தொலி. அடுப்படியில் கோழி வெந்துகொண்டிருந்தது. நாமக்கல்லிலிருந்து காப்பித்தூள் வாங்கி வந்திருந்தார்.

"அக்கா, இது என்னக்கா?" என்றேன்.

"நீ சும்மா இரு சாமி. ஒண்ணு சொன்னா அவரு மொகம் சுண்டிப்போகும்" என்றாள் அக்காள். அவள் கண் புகையில் சிவந்திருந்தது, அல்லது அழுதிருந்தாள்.

ஆர்.ஐ. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார். கெங்கவல்லிப் பக்கத்து ஆள், சாதுவான மனிதர். சாப்பிடமாட்டேன் என்று இரண்டுமுறை சொல்லிப் பார்த்தார். மாமா விடவில்லை. நான்தான் இலை போட்டுப் பரிமாறினேன். சாப்பிட்டுக் கை கழுவி நாற்காலியில் உட்கார்ந்து, காகிதத்தை எடுத்தார்.

"வருஷத்துக்கு எவ்ளோ வருதுங்க?"

"வருதுங்க, சாமி புண்ணியத்துல."

"மழை இல்லியே. வெள்ளாமை அவ்வளவா இல்லைன்னு மணியகாரர் சொன்னாரே?"

"அதெல்லாம் மத்தவங்களுக்குங்க. நமக்கென்னுங்க கொறச்சல்?"

ஆர்.ஐ. மூட்டைகளைப் பார்த்தார், கட்டுத்தறியைப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டு எழுந்தார். சைக்கிள் வரைக்கும் அவர் பையை நான் எடுத்துப் போனேன். அங்கே நின்று மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நெசத்தைச் சொல்லு. இதெல்லாம் உங்களுதா?"

திரும்பிப் பார்த்தேன். மாமா வாசலில் வெற்றிலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். விருந்தாளியை வழியனுப்புகிற அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வருடப் பாரம் குறையும்.

"ஆமாங்க" என்றேன்.

ஆர்.ஐ. என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? வசதியுள்ள குடும்பம் என்று எழுதிவிட்டார். சலுகை கிடையாது என்று கடிதம் வந்தபோது மாமா அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "அந்த மனுசன் ரண்டு தடவ கொளம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு, பாத்தியா?" என்றார்.

பாக்கியைக் கட்டினால்தான் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் என்று விடுதியில் சொல்லிவிட்டார்கள். மாமா எருதுகளை விற்றார். எருது போனால் கவலை போயிற்று. கவலை என்றால் எருது பூட்டிக் கிணற்றிலிருந்து தோல்பறியில் தண்ணீர் இறைப்பது. கிணறு இருந்தும் காடு வானம் பார்த்த பூமியாகிவிட்டது. ஊருக்கு அவர் சொன்னது வேறு. மோட்டார் வைக்கப்போகிறாராம். கவலை இறைப்பதெல்லாம் பழங்காலத்துச் சோலியாம். கிணற்றோரம் நாலு கல்லை நட்டு, மோட்டார் ரூமுக்கு அஸ்திவாரம் என்று காட்டினார். அடுத்த மாதம் கரண்டு வந்துவிடும் என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரும் நம்பியது. நம்பியதோ, நம்புகிற மாதிரி இருந்ததோ.

மூன்றாம் வருடம், கடைசி வருடம். ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் ஊருக்கு நாலு மைல் முன்னால் ஒரு காட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் சத்தத்துக்கு ஒருத்தி நிமிர்ந்தாள். என் அக்காள்.

வீட்டுக்குப் போனதும் மாமாவிடம் அக்காள் எங்கே என்றேன். கோயிலுக்கு என்றார். எனக்குப் படிப்பு நல்லபடியாக முடியவேண்டும் என்று குலசாமிக்கு நாற்பத்தெட்டு நாள் விளக்குப் போடுவதாக நேர்ந்திருக்கிறாளாம். விடியுமுன் போய்ப் பொழுது சாய வருகிறாளாம். சொல்லும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் குலசாமிக்கு அவ்வளவு விளக்கு அதற்கு முன்னும் பின்னும் யாரும் போட்டதில்லை.

அன்று மாலை கட்டுத்தறிப் பக்கம் அக்காள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "பாத்துப்போட்டியா? நீ பாத்தத அவருகிட்ட சொல்லீராதே. உள்ளூர்க் காட்டுக்குப் போனா நாலு பேரு பாப்பாங்களாமா" என்றாள். உள்ளங்கையை மடக்கி வைத்துக்கொண்டே பேசினாள்.

"நான் படிப்ப நிறுத்திப்போட்டு வேலைக்குப் போறேன்க்கா."

"வாய மூடு. இத்தன நாள் பட்டதுக்கு என்ன நாயம்? முடிச்சுப்போட்டு வா."

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இன்றுவரை முழுதாக ஆற்றிக்கொள்ளவில்லை. கூலிக்குப் போவதில் ஒரு குற்றமும் இல்லை. அதற்கு எட்டு மைல் நடக்க வைத்தாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் படிப்புக்கு அவர் கொட்டிய பணம் எனக்காகவா, ஊர் வாய்க்காகவா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். யோசித்து யோசித்து அலுத்துப்போனதுதான் மிச்சம்.

சேலம் திரும்பியதும் அந்தோணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துப் பிரின்சிபால் அறைக்குக் கூட்டிப்போனான். கல்லூரியில் ஏழை மாணவர் நிதி என்று ஒன்று இருந்தது. "எங்களுக்கு வசதியில்லைங்க சார். எருது வித்தாச்சு. எங்கக்கா கூலிக்குப் போகுது" என்றேன். நாக்கு கூசியது. சொல்லி முடித்ததும் உடம்பு இலேசாக இருந்தது. பிரின்சிபால் ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார். பாதுகாவலர் என்ற இடத்தில் மாமாவின் பெயரை எழுதினேன். தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுதினேன். அந்த வருடத்துச் சம்பளமும் மெஸ் பாக்கியில் பெரும்பகுதியும் அதில் அடங்கிவிட்டது.

உதவி பெறுகிறவர்களின் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. மாணவன் பெயர், பாதுகாவலர் பெயர், ஊர், எல்லாம் ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. ஒட்டிய மறுநாளே மாமா டப்பாவோடு வந்துவிட்டார். நான் வகுப்பில் இருந்தேன். நடந்ததை அந்தோணி பிறகு சொன்னான்.

போர்டு முன்னால் பையன்கள் கூடி நிற்பதைப் பார்த்து, ஏதோ பரிசுப் பட்டியல் என்று மாமா நினைத்திருக்கிறார். அந்தோணியைப் பார்த்ததும், "ஏன் சாமி, என்ற மாப்ளே பேரு இருக்குதா?" என்று கேட்டிருக்கிறார்.

"இருக்குதுங்க மாமா. எனக்கு அடுத்தது. உங்க பேரும் இருக்குதுங்க, ஊர்ப் பேரும் இருக்குதுங்க."

மாமா பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், என் பெயர் அங்கே இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அப்புறம்தான், "எதுக்குண்டான லிஸ்டு சாமி இது?" என்றாராம். அந்தோணிக்கு ஒளிக்கத் தெரியாது. அவருக்குத் தெரிந்துதான் நான் எழுதிக் கொடுத்தேன் என்று நினைத்திருக்கிறான். இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி பணம் கொடுக்கிற பட்டியல் என்று சொல்லிவிட்டான்.

மாமா கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. பிறகு டப்பாவை அந்தோணி கையில் கொடுத்து, "எல்லாத்துக்கும் குடுத்துரு" என்றிருக்கிறார். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லையா என்று இவன் கேட்டதற்கு, சோலி கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கல்லூரிக்கு வரவில்லை. என்னைத் தவிர எல்லாரும் அந்தக் கடலை உருண்டையைச் சாப்பிட்டார்கள்.

ஆயுத பூசை விடுமுறைக்குப் போனேன். பயந்துகொண்டேதான் போனேன். புளியமரத்தில் இறங்கி நடந்து வரும்போது மணியகாரர் காட்டில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்களோடு ஆளாக மாமா குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார். கொஞ்சம் தள்ளி அக்காள் மற்ற பெண்களோடு உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் ஊர்க் காட்டில், பட்டப்பகலில்.

வரப்பில் நான் நிற்பதை மாமா பார்த்தார். நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து, பக்கத்து ஆளிடம், "என்ற மாப்ளே வாரான். பி.ஏ. கடேசி வருசம்" என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. பிறகு குனிந்து அடுத்த செடியைப் பிடுங்கினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் அக்காள்தான் சொன்னாள். சேலத்திலிருந்து வந்த அன்று வெற்றிலைகூடப் போடாமல் படுத்துவிட்டாராம். மறுநாள் அவள் விடியுமுன் கிளம்பும்போது, "வெளக்குப் போட்டது போதும். உள்ளூர்லயே போலாம்" என்றாராம். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தாராம். "எனக்கு எட்டு மைலு நடை மிச்சமாச்சு. நீ செஞ்சதுல தப்பில்ல சாமி" என்றாள் அக்காள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஏன்டா என் பெயரை எழுதிக் கொடுத்தாய் என்று ஒரு அறை விட்டிருந்தால், நானும் கேட்கவேண்டியதைக் கேட்டுத் தீர்த்திருப்பேன். அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. நான் உட்கார்ந்திருக்கும்போதே அக்காளைப் பார்த்து, "மாப்ளய சாப்புடச் சொல்லு" என்பார். "மாப்ளைக்குச் செலவுக்கு வேணுமான்னு கேளு" என்பார். நான் பதிலை அவரைப் பார்த்துச் சொல்வேன். அவர் அக்காள் சொல்லும்வரை காத்திருப்பார்.

பரீட்சை எழுதினேன். பாஸ் செய்தேன். ரிசல்ட்டைப் பார்த்து அந்தோணி தந்தி அடித்திருந்தான். சேதி தெரிந்ததும் மாமா நாமக்கல் போய் ஒரு பெரிய பொட்டலம் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வந்தார். கஞ்சி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு, தெருக்கோடியிலிருந்து ஆரம்பித்து வீடு வீடாகப் போனார். "எங்க மாப்ளே பி.ஏ. பாசாயிட்டானுங்க. எடுத்துக்கோங்க" என்று அவர் சொல்வது எனக்கு வாசலில் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டது. மணியகாரர் வீடு, பள்ளிக்கூடத்து வாத்தியார் வீடு, எதிர்வீடு, ஒன்று பாக்கியில்லை. கடைசியாக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கட்டிலைத் தாண்டி உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்காள் வெளியே வந்தாள். அவள் உள்ளங்கையில் ஒரு மிட்டாய் இருந்தது.

"உனக்குக் குடுக்கச் சொன்னாரு" என்றாள்.